5 அடி மேஜையில் வாட்டர்லூ பண்ணை வீடு: எந்த அளவு வீரர்கள், எவ்வளவு பெரிய கட்டடம்?

கேள்வி: 1815 வாட்டர்லூ போரில் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை தாக்க, பிரிட்டிஷ் தரப்பு காத்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டை வீட்டு மேஜையில் பொம்மை வீரர்களோடு அமைத்து விளையாட ஆசை. மேஜை 5 அடிக்கு 3 அடி. 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) அளவு பிளாஸ்டிக் வீரர்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. நண்பர் 28 மி.மீ. உயர வீரர்களுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா? பண்ணை வீட்டை எந்த அளவில் கட்டுவது? தெர்மோகோல் போதுமா?

பதில்: மாற வேண்டாம். 28 மி.மீ. வீரர்களுக்கு வர்ணம் தீட்டுவது சுகம், முகம் தெளிவாகத் தெரியும், எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் மேஜைக்கு அது பெரிது, செலவும் எகிறும். இரண்டையும் கலந்து நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பார்த்தவுடன் கண்ணை உறுத்தும். 1/72-இலும் கம்பெனிக்குக் கம்பெனி உயரம் கொஞ்சம் மாறும் என்பதால், ஒரு படைப்பிரிவு முழுவதையும் ஒரே கம்பெனி வீரர்களால் நிரப்புங்கள்.

இனி அளவுக்கு வருவோம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். 5 அடி என்பது சுமார் 150 செ.மீ. 1/72 கணக்கில் அது வெறும் 108 மீட்டர் நிலம். பண்ணையைக் காத்தவர்களிடம் இருந்த பேக்கர் ரைஃபிளோ 180 மீட்டர் வரை நன்றாகவே சுடும். அதாவது மேஜையின் ஒரு முனையில் சுட்டால் குண்டு மறுமுனையைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால் நிலத்துக்குத் தனி அளவு வைத்துக்கொள்ள வேண்டும். 1 செ.மீ.க்கு 4 மீட்டர் என்று வையுங்கள். மேஜை 600 மீட்டர் ஆகும். ரைஃபிளுக்கு 45 செ.மீ., சாதாரண மஸ்கெட் துப்பாக்கிக்கு 25 செ.மீ. தூரம். ஆட்டம் ஆடுகிற மாதிரி இருக்கும்.

கட்டடம் இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பண்ணையின் ஒரு பக்கம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/72-இல் 83 செ.மீ. வரும், பாதி மேஜை போய்விடும். நில அளவில் 15 செ.மீ.தான், உள்ளே ஆளையே நிறுத்த முடியாது. 30 செ.மீ.க்குக் கட்டுங்கள். ஜன்னல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், முற்றத்தைச் சுருக்குங்கள், ஆனால் கதவின் உயரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 1/72 வீரர் 24 மி.மீ. உயரம், அடித்தட்டு 2 மி.மீ.; கதவு 30 மி.மீ. இருந்தால் மற்ற சுருக்கம் எதுவும் கண்ணில் படாது.

அமைப்பு இதுதான்: வடக்கில் வீடு, மேற்கில் தொழுவம், தெற்கில் பெரிய களஞ்சியம், கிழக்கில் பிரஸ்ஸல்ஸ் சாலையை ஒட்டி மதிலும் வாசலும். தெற்கே பழத்தோட்டம், வடக்கே காய்கறித் தோட்டம். களஞ்சியத்தின் மேற்குக் கதவைச் செய்யவே வேண்டாம். முந்தைய இரவு கொட்டிய மழையில் நனைந்த வீரர்கள் குளிர்காய அதைப் பிடுங்கி எரித்துவிட்டார்கள். மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் முட்டி மோதிய இடங்களில் அந்தத் திறந்த வாயும் ஒன்று. உங்கள் ஆட்டத்துக்கும் அதுதான் உயிர்நாடி. முற்றத்தில் ஒரு சின்னக் குளமும் வேண்டும். களஞ்சியம் தீப்பிடித்தபோது, துணைக்கு வந்த நாசாவ் என்ற ஜெர்மன் சிற்றரசின் வீரர்களுடைய சமையல் கெட்டில்களில் இந்தத் தண்ணீரை மொண்டுதான் அணைத்தார்கள்.

இன்றைய புகைப்படங்களைப் பார்த்து நிலத்தின் மேடுபள்ளத்தை அமைக்காதீர்கள். 1826-இல் முடிந்த சிங்க மேடு என்ற போர் நினைவுச் சின்னத்துக்காக அருகிலிருந்த முகட்டு மண்ணை வெட்டி எடுத்துவிட்டதால் நிலத்தின் வடிவமே மாறிவிட்டது. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தப் பண்ணையிலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து ஒரு பெரிய மாதிரியைச் செய்து, 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அந்த மாதிரியின் படங்கள் கிடைத்தால் அவற்றை நம்பலாம்.

தெர்மோகோல் மேட்டுக்குப் போதும். உருண்டை உருண்டையாக உதிராமல் இருக்க சூடான கம்பியால் வெட்டுங்கள், மேலே ஃபெவிகோல் கலந்த மணலைப் பூசுங்கள். ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடித்தால் கரைந்து குழி விழும். ரப்பர் பசையும் அப்படித்தான். சுவர்களுக்கு ஃபோம் போர்டு சரி. அடியில் எம்.டி.எஃப். பலகை வைத்தால் இரண்டு பக்கமும் பெயிண்ட் அடியுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் வளையும்.

பயிர் விஷயத்தில் நமக்கு யோகம். அன்று வயல்களில் ஆளுயரத்துக்கு ரை என்ற தானியப் பயிர் நின்றது. தேங்காய் நார் மிதியடியை வெட்டி வைத்தால் அப்படியே ரை வயல். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியாக வாங்கினால் நார் உதிராது. சில துண்டுகளை ஈரமாக்கி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்து நசுக்குங்கள். படை மிதித்துப் போன தடம் கிடைக்கும்.

அப்புறம் வீரர்கள். பண்ணையைக் காத்தவர்கள் மேஜர் கியோர்க் பாரிங் தலைமையிலான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் (பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மன் வீரர்களின் பிரிவு) 2-ஆம் லைட் பட்டாலியன், தொடக்கத்தில் சுமார் 400 பேர். பிரிட்டிஷ் படைதானே என்று சிவப்புச் சட்டை தீட்டிவிடாதீர்கள். கரும்பச்சைச் சட்டை, சாம்பல் கால்சட்டை. பிரிட்டிஷ் ரைஃபிள் வீரர்கள் பெட்டி ஒன்று இருந்தால் கால்சட்டை நிறத்தை மாற்றி ஒப்பேற்றலாம். 10 பேருக்கு ஒருவர் என்றால் 40 உருவங்கள். ஏறக்குறைய ஒரு பெட்டியில் முடியும். அதே கணக்கில் 500 பேர் கொண்ட பிரெஞ்சு பட்டாலியனுக்கு 50 வேண்டும். பாதுகாப்பவர்களை ஒரு தட்டுக்கு இரண்டு பேராக ஒட்டுங்கள், ஜன்னலோரம் வைக்க வசதி. பிரெஞ்சுக்காரர்களை ஆறாறாக ஒட்டினால் நகர்த்துவது சுலபம்.

பிளாஸ்டிக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிய பிறகே வர்ணம் தொடுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் உரியும். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் நனைத்து நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள்.

விதியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாரிங்குக்குக் குண்டு திரும்ப நிரப்பக் கூடாது. அவர் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கேட்டும் ரைஃபிள் குண்டு வரவில்லை, மாலையில் பண்ணை விழுந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஆறு முறை சுட அனுமதி கொடுத்துப் பாருங்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் எட்டாக்கலாம்.