பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் என்ன கேட்கலாம்?

புற்றுநோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர் என்பதால், ‘ட்ரையல்’ (சிகிச்சை ஆய்வு) என்ற சொல்லைக் கேட்டுக் கலங்கியவர்களின் கேள்விகள் எனக்கு அடிக்கடி வரும். இந்த முறை நான்கு.

மகனுக்கு ஐந்து வயது, இரத்தப் புற்றுநோய். டொக்டர் ஒரு ட்ரையலில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் அம்மா, “ஓம் சொல்லாதேங்கோ, எங்கட பிள்ளையளை எலியாக்கிப் போடுவினம்” என்கிறா. என்ன செய்ய? – வெள்ளவத்தைத் தாய்

அந்த அம்மாவின் பிள்ளை எந்த வகை ஆய்வில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். ட்ரையல் என்பது ஒரே சொல்தான், உள்ளே இருப்பது வேறு வேறு. முதற்கட்ட ஆய்வில் ஒரு புது மருந்தை எந்த அளவுக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பார்கள். மற்றச் சிகிச்சைகள் கைகொடுக்காத பிள்ளைகளுக்கே பெரும்பாலும் அது வரும், அதில் குணமாகும் வாய்ப்பும் குறைவு. மூன்றாம் கட்டத்தில் இன்றைய வழக்கமான சிகிச்சையையும் அதில் செய்த ஒரு மாற்றத்தையும் ஒப்பிடுவார்கள். உங்கள் மகனுக்குப் பேசப்படுவது எது? டொக்டரிடம் நேரே கேளுங்கள்.

1960களில், பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகை (ALL) வந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் தப்பினார். வசதியான நாடுகளில் இன்று ஏறக்குறைய ஒன்பது பேர் தப்புகிறார்கள். ஏதோ ஒரு அதிசய மருந்து வந்து இதைச் செய்யவில்லை. வின்கிறிஸ்டின், மெதோட்ரெக்ஸேற் போன்ற பழைய மருந்துகளையே எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை நாள் கொடுப்பது என்று ஆய்வுக்குமேல் ஆய்வாகப் பார்த்துத் திருத்தியதன் பலன் அது. சில ஆய்வுகள் மருந்தைக் கூட்டுவதற்கே அல்ல. பிரிட்டனில் 2003இல் தொடங்கிய ஓர் ஆய்வு, என்பு மச்சையில் நோயின் மிச்சம் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சையைக் குறைத்தாலும் ஆபத்தில்லை என்று காட்டியது.

பெற்றோர் தடக்குப்படுவது சீட்டுக் குலுக்கலில்தான். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போவான் என்பதைக் கணினி தீர்மானிக்கும். டொக்டரும் தெரிவுசெய்ய முடியாது, நீங்களும் முடியாது. ஆனால் குலுக்கலில் தவறினால் வெறும் மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் புற்றுநோய் ஆய்வுகளில் மறுபக்கம் இருப்பது பொதுவாக வழக்கமான சிகிச்சைதான்.

பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் ஓமா இல்லையா என்று கேட்காதீர்கள். எத்தனை தரம் கூடுதலாக ஊசி போட்டார்கள், எத்தனை நாள் கிளினிக்குக்கு வரவேண்டி இருந்தது, சைன் வைக்குமுன் கேட்க மறந்தது என்ன என்று கேளுங்கள். அவவுக்குத்தான் அது தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நிற்கிறோம். படிவம் சிங்களத்தில். “சும்மா சைன் வையுங்கோ” என்று கூட வந்தவர் சொல்கிறார். – ஒரு தந்தை

வைக்காதீர்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியோடு வாசியுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், கேட்பதில் கூச்சம் எதற்கு? சம்மதம் சொன்ன பிறகும் எப்போதும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும். ஒன்று மட்டும்: மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். பன்னிரண்டு வயது மகளிடம் மறைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மறைக்க முடியாது, வாட்டில் பிள்ளைகள் எங்களைவிட வேகமாகச் செய்தி அறிவார்கள். அவளது விருப்பத்தையும் கேட்பதுதான் ஆய்வு ஒழுங்கு.

சென்னையில் ட்ரையலில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். – கொட்டாஞ்சேனை

கொடுக்காதீர்கள். ஆய்வு மருந்துக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. ஆய்வின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள்: இலங்கையில் நடப்பவற்றுக்கு 2006 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது, இந்தியாவில் 2007 முதல். இரண்டையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். இலக்கம் கேட்டதும் ஆள் நழுவினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

என் மகள் போய் இரண்டு வருடம். அவளும் ஓர் ஆய்வில் இருந்தாள். புதிதாக வரும் பெற்றோருக்கு உதவ ஆசை, ஆனால் என்னைக் கண்டால் பயப்படுவார்களோ? – பெயர் வேண்டாம்

சிலர் பயப்படுவார்கள், அதை மறைக்க மாட்டேன். நோய் பெயர் சொல்லப்பட்ட முதல் கிழமையில் இருப்பவர்களிடம் போகாதீர்கள். வாட்டு மிஸ்ஸிடமோ சமூக சேவை அலுவலரிடமோ சொல்லி, அந்தப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்: “பிள்ளையை இழந்த ஒரு தாய், பேச விருப்பமா?” விரும்புபவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, முதற்கட்ட ஆய்வா, வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருப்பதா என்ற இடத்தில் நிற்பவர்கள். அந்த இடத்தில் நின்றவர் வாட்டில் வேறு யாருமில்லாமல் இருக்கலாம்.

மகளின் கடைசி நாட்களை அவர்கள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். “நான் சம்மதித்தது சரிதானா” என்ற கேள்வி உங்களுக்குள் இன்னும் ஆறாமல் இருந்தால், முதலில் ஒரு உளவளத்துணையாளரிடம் அதைப் பேசுங்கள். அவசரமில்லை. மற்றப்படி, வாய்ப்புண் வந்த பிள்ளைக்கு எதைக் குளிரவைத்துக் கொடுக்கலாம், கசப்பு மாத்திரையை எப்படி விழுங்க வைத்தீர்கள், நெரிசலான 138 பஸ்ஸில் காய்ச்சல் பிள்ளையோடு எப்படி வந்தீர்கள் என்பதையெல்லாம் சொல்ல நாளைக்கே தொடங்கலாம்.