ஹட்டிக்குத் தெரியாமல் மனநல மருத்துவரைப் பார்க்க முடியுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். ஊட்டியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, பாடம் மண்டையில் ஏறவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போகலாமென்றால் பஸ்ஸில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். “காலேஜில் நாலு பேரோடு பழகு, சரியாகிவிடும்” என்கிறார் அண்ணன். எதைக் கேட்பது?

பதில்: அண்ணன் சொல்வது பாதி சரி. நமக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற உணர்வு மனச்சோர்வைத் தள்ளிவைக்கும், வந்தபின் தாங்கியும் பிடிக்கும். ஆனால் சிகிச்சையின் வேலையை அது செய்யாது. இந்த அறிகுறிகள் இரண்டு வாரம் தாண்டினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதல் பேச்சைப் போனிலேயே தொடங்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி-மானஸ்) அழையுங்கள்: தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை. வீட்டில் சுவருக்கும் காது என்றால் மதிய இடைவேளையில் மைதானத்து ஓரம் போதும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் ரகசியம் காப்பதை விட்டுவிடுங்கள். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அண்ணனை எழுப்பி நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நேரில் பார்க்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பவர் காய்ச்சலுக்கா, வேறெதற்கா என்று முகத்தில் எழுதியிருக்காது. 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது; உயிராபத்து போன்ற சில நிலைமைகளுக்கே விலக்கு.

“மனசு சரியில்லை டாக்டர்” என்று மட்டும் சொன்னால், கூட்ட நேரத்தில் தூக்க மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடலாம். அதனால் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்பதையும் எழுதுங்கள். நம் பக்கத்தில் அந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. மாலை நாலு மணிக்கு மேல் குடிப்பது தூக்கத்தைக் கெடுக்கும். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை எழுதினால் தட்டாதீர்கள். அவையும் இதே சோர்வைத் தரும்.

மனச்சோர்வு மாத்திரை தந்தால் முதல் வாரம் குமட்டலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும். பலர் “ஒன்றும் ஆகலை” என்று பத்தாம் நாளே விடுகிறார்கள். வேறு சிலர் நன்றாகத் தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்துகிறார்கள், மாதங்கள் கழித்து நோய் திரும்பலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து பஸ் நிற்கும், ஆகவே மாத்திரை தீர ஐந்தாறு நாள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்த நாலு பேர். ஒருவர் போதும். முழுக் கதையும் வேண்டாம், “ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வர்றியா?” அவ்வளவுதான். நட்பு வளர, கலைவிழாக் கூட்டத்தைவிட வாரந்தோறும் அதே முகங்களைப் பார்க்கும் வேலை நல்லது. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம். செடி நடுகிற கைக்குப் பேச்சு கட்டாயமில்லை. ஏழு நாள் முகாமை மட்டும் சிகிச்சையின் முதல் மாதத்தில் தள்ளிப்போடுங்கள். புது மாத்திரை, புது இடம், தூங்காத இரவு, மூன்றும் சேர்ந்து வேண்டாம்.