கணினிப் பொறியியல் சேரும் முன் என்னென்ன படித்து வைக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவு படித்ததாகவும், கலந்தாய்வில் கணினிப் பொறியியல் எடுக்கப்போவதாகவும், கணினி அறிவியலே படிக்காத நீங்கள் கல்லூரி திறப்பதற்குள் எந்தெந்த நிரல்மொழிகளைக் கற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மொழி போதும். மீதி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் பைத்தானும் இரண்டாம் பருவத்தில் சி மொழியும் அடிப்படையிலிருந்தே தொடங்கின. நீங்கள் சேரும் கல்லூரியின் பாடத்திட்டம் சற்று வேறுபடலாம். ஆனால் நிரலாக்கம் எங்கும் முதல் படியிலிருந்துதான் தொடங்கும். கணிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலாண்டுக் கணிதத் தாள்கள், அணிக்கோவையும் வகையிடலும் தொகையிடலும் கைவந்தவை என்று எடுத்துக்கொண்டே நகரும். நான் பார்த்தவரை முதலாண்டில் அரியர் (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாள்) விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களைப் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். குறிப்பாகப் பகுதி வகைக்கெழு உள்ள இயலை, பொதுத் தேர்வுக்காக விட்டுத் தள்ளியிருந்தால், இப்போது உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

நிரலாக்கத்தைப் பொறுத்தவரை, திரையைவிடத் தாளில் செய்யும் பயிற்சியே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் சிறிய நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 4072 என்றால், 10-ஆல் வகுத்த மீதி 2. அதைக் கூட்டலில் சேர்த்துவிட்டு, ஈவான 407-ஐ எடுத்துக்கொண்டு, எண் சுழியாகும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். மாறிகளின் (நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் பெயர்களின்) மதிப்பு ஒவ்வொரு சுற்றிலும் என்னவாகிறது என்று அட்டவணை போட்டு எழுதினால், கூட்டல் 2, 9, 9, 13 என்று வளர்வது தெரியும். இனி -4072 என்று கொடுத்துப் பாருங்கள். பைத்தானின் முழுஎண் வகுத்தல் கீழ்நோக்கியே முழுமையாக்குவதால் (-407.2 என்பது -408 ஆகிறது), எண் -408, -41, -5, -1 என்று இறங்கி, அதன்பின் -1-லேயே நின்றுவிடும். நிரல் முடிவதே இல்லை. அதே நிரலைச் சி மொழியில் எழுதினால், வகுத்தல் சுழியை நோக்கி முழுமையாக்குவதால், நான்கே சுற்றில் நின்று -13 என்று விடை தரும். ஏன் என்று தாளில் கண்டுபிடிக்கத் தெரிந்த மாணவர், அரைகுறையாக ஐந்து மொழி தெரிந்தவரைவிட வகுப்பில் வெகுவாக முன்னால் இருப்பார். பிந்தைய பருவங்களில் தரவுக் கட்டமைப்புகள் (தரவுகளை ஒழுங்குபடுத்திச் சேமிக்கும் முறைகள்) வரும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் 'முன்தயாரிப்பு'ப் பயிற்சிகள் எதுவும் தேவையில்லை. பைத்தானில் தரவுக் கட்டமைப்புகள் குறித்துச் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த், ஐஐடிகளின் இணையவழிக் கல்வித் திட்டமான என்பிடெல்லில் நடத்திய விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடிப்படையை முடித்தபின் அவற்றைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலிலும் பைத்தான் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவராக இருந்தால், அதன் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கல்லூரியில் காதில் விழப்போகும் ஆங்கிலச் சொற்கள் அப்போதே பழகிவிடும்.

மடிக்கணினியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். துறையில் எந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கல்லூரி திறந்தபின் விசாரித்து, 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் உள்ள சாதாரணக் கணினி ஒன்றை வாங்கினால் முதலிரண்டு ஆண்டுகளுக்குப் போதும். படிப்புக்கு என்று வீட்டில் சொல்லி விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டையோடு வாங்குவது உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் இடையிலான விவகாரம்.