நிறுத்தி வைத்த பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமா?

உங்களுடையது பழைய ஸ்ப்ளெண்டர். ராத்திரி நிறுத்தினால் காலையில் கீழே பெட்ரோல் ஈரம். மெக்கானிக் புதுக் கார்புரேட்டர் போடச் சொல்கிறார். இப்போதைக்குப் போடாதீர்கள். சொட்டு எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கார்புரேட்டர் ஒழுகல் என்று வருவதில் பெரும்பாலானவை சின்னச் சாமானோடு முடிந்துவிடும்.

வண்டியைத் திறந்தவெளியில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தொடங்குங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

பெட்ரோல் டேப்பை (டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) மூடிவிட்டு, டேங்க் அடியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் துணியால் காயத் துடையுங்கள். இப்போது டேப்பைத் திறந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். டேப் பேக்கிங்கில் கசியும் பெட்ரோல் டியூப் வழியாக வழிந்து கார்புரேட்டர் அடியில்தான் சொட்டும். பழி கார்புரேட்டர் மேல் விழும். டியூப் கிளிப் மாட்டும் இடத்தில் வெடித்திருந்தாலும் இதே கதைதான். டியூபை லேசாக வளைத்தால் வெடிப்பு தெரியும்.

அங்கெல்லாம் காய்ந்திருந்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணம் சேரும் விளிம்பில் ஈரம் பூத்தால் பேக்கிங்கோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ போயிருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் கால ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதிவிடும், இல்லையென்றால் விறைத்துவிடும்.

கிண்ணத்துக்குக் கீழே தொங்கும் மெல்லிய டியூபிலிருந்து வருகிறதா? அதிகம் பார்ப்பது இதைத்தான். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக நாலு தட்டு தட்டுங்கள். நின்றுவிட்டால், பெட்ரோல் உள்ளே வரும் ஓட்டைக்கும் அதை அடைக்கும் நீடில் என்ற ஊசிக்கும் நடுவில் தூசியோ டேங்க் துருவோ சிக்கியிருந்தது என்று அர்த்தம். துரு வந்துகொண்டே இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பிரயோஜனமில்லை, டேங்கைச் சுத்தம் செய்து ஃபில்டர் போட வேண்டும்.

தட்டியும் நிற்கவில்லையா, கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் ஏற ஏற மேலே போய் நீடிலை ஓட்டையில் அழுத்தி அடைக்கும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை, மாற்ற வேண்டியதுதான். அடுத்து நீடிலை எடுத்து அதன் கூர்முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முனை சுற்றி நகம் தட்டும்படி ஒரு வளையக் கோடு விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் ராத்திரி முழுக்கக் கசிகிறது. அப்பாவின் வண்டியிலும் இதே கோடுதான் இருந்தது. நீடிலும் பேக்கிங்கும் சேர்ந்த ரிப்பேர் கிட், புதுக் கார்புரேட்டர் விலையில் சின்னப் பங்குதான். ஆனால் நீடில் போய் உட்காரும் பித்தளை ஓட்டையிலேயே பள்ளம் விழுந்து, அதைத் தனியாக மாற்ற வழியில்லாத மாடலாகவும் இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

பலரும் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. நிறைய கார்புரேட்டர்களில் கிண்ணத்துக்குள் ஓவர்ஃப்ளோவுக்கென ஒரு குட்டிக் குழாய் நிற்கும். அதில் மயிரிழை அளவு விரிசல் விட்டால், நீடில் புதிதாக இருந்தாலும் சொட்டும். கழற்றிய கிண்ணத்தில் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்படி பெட்ரோல் ஊற்றி, அசையாமல் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் சொட்டினால், குழாயில் விரிசல் அல்லது கிண்ணத்துப் பெட்ரோலை வடிக்க உள்ள டிரெயின் ஸ்க்ரூ சரியாக அடைக்கவில்லை. ஸ்க்ரூவை மாற்றுவது சுலபம், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகும் டேப்பை மூடி நிறுத்தும் பழக்கத்தை விடாதீர்கள். மூடியும் சொட்டு நிற்காமல் தொடர்ந்தால் டேப்பும் போய்விட்டது.

அப்புறம், காலையில் ஈரம் பார்த்த அன்றைக்கு உடனே கிக்கரை மிதிக்காதீர்கள். நிரம்பிய பெட்ரோலில் வெளியே சொட்டியது போக மீதி சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் வழியாக இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ, பெட்ரோல் நெடி அடித்தாலோ, ஒழுகலைச் சரிசெய்து, ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.