கம்பளத் தேய்மானத்தைக் கணினி அளக்கும் துறை: ஒரு தந்தைக்குப் பதில்

கரூரிலிருந்து எழுதியுள்ள ஐயாவுக்கு,

கலந்தாய்வில் கணினி அறிவியல் கிடைக்காது என்பதால், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் மகளைச் சேர்க்கும்படி தங்கள் மைத்துனர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கள் கவலை புரிகிறது. ஆயினும் என் பதில், சேர்க்காதீர்கள் என்பதே. உங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவளுக்குக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால் கிடைக்கும் அரசின் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டில் கிடைக்காது. தவணை கட்டப்போவது மைத்துனர் அல்லர்.

விடுமுறை முழுவதும் தறிப்பட்டறையில் துணியைப் புரட்டி, இழை விட்ட இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் குறையாகச் சொன்னதைத்தான் நான் இருமுறை படித்தேன். அந்தக் கண்ணுக்கு ஏற்றது ஜவுளித் தொழில்நுட்பம். அதனுடன், படங்களைக் கணினியால் அளந்து ஆராயும் படப் பகுப்பாய்வையும் அவள் கற்க வேண்டும்.

கம்பளத் தேய்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் உருளையின் உட்புறத்தில் மாதிரித் துண்டுகளைப் பொருத்தி, ரப்பர் குமிழ்கள் பதித்த கனமான இரும்புக் குண்டை அவற்றின்மேல் 22,000 சுற்றுகள் வரை உருளவிட்டு, பல ஆண்டுகள் மிதிபட்ட தோற்றத்தைச் சோதனைக்கூடத்தில் வரவழைக்கிறார்கள். பின்னர்ப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் அதைப் புதிய துண்டோடு ஒப்பிட்டு, 5 என்றால் மாற்றமில்லை, 1 என்றால் கடும் மாற்றம் என்று தரம் இடுகிறார்கள். ஒருவர் கண்ணுக்கு 3 ஆகத் தெரிவது மற்றவருக்கு மூன்றரையாகத் தெரியும். கம்பளத்தின் நிறமும் பூவேலைப்பாடும் கண்ணை ஏமாற்றும்.

இந்த இடத்தில்தான் கணினி உதவுகிறது. கம்பளத்தைப் படமெடுத்து, அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் (பிக்சல்) சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, வெளிச்சம் கூடுதலா குறைவா என்று குறித்தால் 256 வகை வடிவங்கள் கிடைக்கும். நிமிர்ந்து நின்ற நூல் முனைகள் சாய்ந்து, முறுக்கவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கும்போது எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தின் அளவிலிருந்து தேய்மானத் தரத்தைக் கணிக்கலாம். ஆய்வாளர் ஹாராலிக் குழுவினர் 1973-இல் வெளியிட்ட, அடுத்தடுத்த புள்ளிகளில் எந்தச் சாம்பல் அளவோடு (கறுப்பு வெள்ளைப் படத்தின் வெளிச்ச அளவு) எந்த அளவு சேர்ந்து வருகிறது என்று எண்ணும் முறையும் இதற்குப் பயன்படும். நிறம் குழப்பும் கம்பளங்களில், லேசர் கொண்டு மேற்பரப்பின் மேடுபள்ளத்தையே படமாக்குவதும் உண்டு.

கம்பளத்துக்கென்றே வேலை தரும் இடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் துணியில் பழுது கண்டறியவும், நூலின் மயிர்த்தன்மையை, அதாவது நூலிலிருந்து நீட்டி நிற்கும் இழை முனைகளை, அளக்கவும் இதே கணக்குதான் உதவும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கம்பள நகரமான பதோஹியில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கம்பளத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர, ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும்.

விருப்பப் பட்டியலை நிரப்பும் முன் அவளை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மிதிபட்ட கம்பளம் ஒன்றின் நடுப்பகுதியையும், மேசைக்கு அடியில் மிதிபடாமல் இருக்கும் ஓரத்தையும், ஒரே தூரத்தில், பக்கவாட்டில் வைத்த ஒரே விளக்கின் ஒளியில் கைப்பேசியால் படமெடுக்கட்டும். மேற்சொன்ன இரு கணக்குகளும் பைத்தான் என்ற கணினி மொழியின் சைகிட்-இமேஜ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு இரு படங்களின் எண்களையும் ஒப்பிடட்டும். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் இந்தப் படிப்பு வேண்டாம், வேறு பார்ப்போம். விளக்கை நகர்த்தினால் எண் ஏன் மாறுகிறது என்று அவளே கேட்கத் தொடங்கினால், ஜவுளியைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள்.