எழுதியவர்களின் நோக்கம் – கடிதம்

வணக்கம் சார்,

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதியில் ஒரு வாரமாக ஒரே வாக்குவாதம். நண்பன் சொல்வது இது: அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு 16(4)ஆம் பிரிவை வைத்தார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. வேண்டாம் என்றுதான் விட்டார்கள். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அப்புறம் சென்னையில் போராட்டம் வந்தது, அரசியல்வாதிகள் பயந்துபோய், பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4)ஐ ஒட்டவைத்தார்கள். ஆகவே அது மூலச் சாசனத்தின் நோக்கத்துக்கு விரோதம். சாசனம் காலத்தோடு வளரும் என்று நான் பதில் சொன்னேன். "அப்படியென்றால் எழுதிவைத்ததற்கு என்ன மதிப்பு?" என்று மடக்கிவிட்டான். என்ன சொல்வது சார்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நண்பர் மடக்கியது நியாயம்தான். 'காலத்தோடு வளரும்' என்று சொல்லி எதை வேண்டுமானாலும் உள்ளே விடலாம், எதை வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். அவருடைய களத்திலேயே இறங்குங்கள். எழுதியவர்களின் நோக்கம்தானே அளவுகோல்? சரி, அவர்கள் என்ன பேசினார்கள் என்று பார்த்துவிடுவோம்.

1948 நவம்பர் 29. பாகுபாடு கூடாது என்கிற பிரிவு (இன்றைய 15) அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வருகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று வரைவில் இருந்தது. அந்த வரியில் பட்டியல் சாதியினரையும் பின்தங்கிய பழங்குடியினரையும் சேர்க்கச் சொல்லி கே.டி. ஷா ஒரு திருத்தம் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னவர் வேறு யாருமல்ல, அம்பேத்கர். காரணத்தையும் சொன்னார். ஊரில் பொதுப் பள்ளிக்கூடம் இருக்கும்போது, 'இதோ உங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு' என்று பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப இந்த வார்த்தைகளே சாக்காகிவிடும் என்பது அவர் அச்சம். அதாவது, சலுகையின் பெயரால் ஒதுக்கிவைத்துவிடுவார்கள். கல்லூரியில் இடம் ஒதுக்குவது தப்பு என்று அவர் அங்கே சொல்லவில்லை.

மறுநாள், நவம்பர் 30, வேலைவாய்ப்புப் பிரிவு. 'பின்தங்கிய' வகுப்பு என்றால் யார், யார் முடிவு செய்வது என்று பெரிய சர்ச்சை. வழக்கறிஞர்களுக்குச் சொர்க்கம் என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி கிண்டலடித்தார். (எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சொர்க்கத்தில் கூட்டம் குறையவில்லை.) அதை அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளட்டும், ஆனால் ஒதுக்கீடு இடங்களில் சிறுபான்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சம வாய்ப்பு என்கிற விதியே அழிந்துபோகும் என்று அம்பேத்கர் பதில் சொன்னார். அதுதான் உங்கள் நண்பர் சொல்லும் 16(4).

அதற்கப்புறம் எட்டே நாள். டிசம்பர் 8. இப்போது வருவது சிறுபான்மையினருக்கான கலாசார, கல்வி உரிமைகள். அரசுக் கல்விநிலையச் சேர்க்கையில் எந்தச் சிறுபான்மையினர் மீதும் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் வரைவில் இருந்த வாசகம். தாகூர் தாஸ் பார்கவா அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எந்தக் குடிமகனுக்கும் மதம், இனம், சாதி, மொழி ஆகிய காரணத்தால் மட்டும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று விரித்தார். சபை ஏற்றுக்கொண்டது. இதுதான் 29(2). சிறுபான்மையினரைக் காக்கப் பிறந்த பிரிவு அன்றைக்கு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

மூன்று நாள், மூன்று வெவ்வேறு கவலை. இந்த மூன்றும் ஒரு நாள் ஒரே வழக்கில் வந்து முட்டும் என்று எவரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் முட்டின. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவில்லை போலிருக்கிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. ஆனாலும் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அரசாணையைத் தள்ளினார்கள். நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதியது: 16இல் விதிவிலக்கு இருக்கிறது, 29இல் இல்லை, அந்த விடுபடலுக்கு அர்த்தம் உண்டு.

வாசகத்தை வைத்துப் பார்த்தால் இது மோசமான வாசிப்பு அல்ல. ஆனால் அது நோக்கத்தைத் தேடிப்போன வாசிப்பு என்று நண்பர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் காலத்து உச்ச நீதிமன்றம் நிர்ணய சபை உரைகளைத் துணைக்கு எடுக்கவே தயங்கியது. அதற்கு முந்தைய வருடம் தடுப்புக் காவல் பற்றிய ஏ.கே. கோபாலன் வழக்கிலும் அதே தயக்கம்தான். நீதிமன்றம் எழுத்தை மட்டும் படித்தது. விடுபட்டதற்குப் பின்னால் ஒரு முடிவு இருந்தது என்பது நண்பர் சேர்த்துக்கொண்டது.

அடுத்து, 'அரசியல்வாதிகள் பயந்தார்கள்' என்பது. போராட்டம் உண்மை. இதே வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணைக்கு எதிராகத் தீர்ப்பளித்ததுமே 1950 ஆகஸ்ட் 14 அன்று பெரியார் வகுப்புரிமை நாள் நடத்தினார். அந்த அழுத்தம் டெல்லி வரை போனது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 'அரசியல்வாதிகள்' யார் என்று கேளுங்கள். முதல் பொதுத்தேர்தல் இன்னும் நடக்கவில்லை. நிர்ணய சபைதான் இடைக்கால நாடாளுமன்றமாக உட்கார்ந்திருந்தது. எழுதியவர்களேதான் திருத்தினார்கள். 1951 மே 18 அன்று சட்ட அமைச்சர் அம்பேத்கர் சபையில் எழுந்து, இந்தத் தீர்ப்பு கொஞ்சமும் திருப்தியளிக்கவில்லை என்றே சொன்னார். நீதிமன்றத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று உறுப்பினர்கள் குறுக்கிட்டார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன், மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்கிற தொனியில் பதில் வந்தது. 29(2)இல் 'மட்டும்' என்று இருப்பதை நீதிபதிகள் கண்டுகொள்ளவில்லை என்பது அவருடைய சட்டவாதம்.

இன்னொன்றையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசாணைக்கு எதிராக, மனுதாரர் தரப்பில் நின்று வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அம்பேத்கர் தலைமையில் இருந்த வரைவுக் குழுவில் அவரும் உறுப்பினர். எனக்கு இந்த விவகாரத்தில் இதைவிட ருசியான தகவல் கிடையாது. ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய இரண்டு பேர், மை காய்வதற்குள் அதே பிரிவுகளுக்கு நேர் எதிரான பொருள் சொல்கிறார்கள். இருவருமே பெரிய சட்ட அறிஞர்கள். இதில் எவருடைய நோக்கம் மூலநோக்கம் என்று உங்கள் நண்பரே சொல்லட்டும்.

அவர் பக்கத்திலும் ஒரு பலமான வாதம் இருக்கிறது. தேர்தல் வரைகூடப் பொறுக்காமல் சாசனத்தில் கைவைக்கலாமா என்று அன்றைக்கே சபையில் கேள்வி எழுந்தது. சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக எதிர்த்தார். அவருடைய முக்கியக் கோபம் பேச்சுரிமையைச் சுருக்கிய பகுதி மேல்தான். 1951இல் வந்த அந்த முதல் திருத்தம் ஒரு பெரிய மூட்டை. 15(4) அதில் ஒன்று, நிலச்சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்திலிருந்து காக்க வந்த ஒன்பதாவது அட்டவணை இன்னொன்று. 1994இல் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் போய்ச் சேர்ந்ததும் அதே அட்டவணையில்தான்.

'விதிவிலக்கு எழுதியிருந்தால்தான் உண்டு' என்ற தாஸின் தர்க்கத்தை உச்ச நீதிமன்றமே பிற்பாடு கைவிட்டது. 1976இல், கேரளப் பதிவுத்துறை எழுத்தர்கள் தொடர்பான என்.எம். தாமஸ் வழக்கில், 16(4) என்பது சமத்துவத்துக்கு விலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதியே என்ற பார்வை மேலெழுந்தது. மத்திய அரசு வேலைகளில் பிற்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய 1992 மண்டல் தீர்ப்பு அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் நவம்பர் 30 உரையை நீதிபதிகள் விரிவாகவே எடுத்துப் பேசினார்கள், ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற வரம்புக்கு ஆதரவாகவும்கூட. ஆக, விவாதங்களைப் படிக்க ஆரம்பித்தால் எல்லாம் நமக்குச் சாதகமாகவே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

விவாதங்களின் ஏழாம் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் சொன்ன மூன்று தேதிகளையும் எடுத்து இருவரும் சேர்ந்தே படியுங்கள். முதலில் நவம்பர் 29. 'அம்பேத்கரே வேண்டாம் என்றாரே' என்று அதிலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி நண்பர் அடுத்த வாரம் வீசக்கூடும். தனிப் பள்ளிக்கூடம் பற்றிய வாக்கியம் அதை ஒட்டியே இருக்கிறது.