அசையும் உரையாடல் பெட்டிகள்: உதவியா, இடையூறா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கோயில் குழுவின் வரவு செலவுக் கணக்கைக் கணினியில் எழுதி வருகிறேன். 'சேமிக்கவா?' என்று கேட்கும் சிறு பெட்டிகள் மிதந்து வந்து மறைவதால், எந்தத் தொகையைப் பதிந்தேன் என்பதே மறந்துபோகிறது. பழுது பார்ப்பவர், நினைவகம் போதவில்லை, புதிதாகப் போட 1,800 ராண்ட் ஆகும் என்கிறார். போடலாமா?"

போட வேண்டாம், அம்மா. பெட்டி மிதந்து வருவது பழுதே அல்ல. அப்படி வருமாறுதான் அதை அமைத்திருக்கிறார்கள். நினைவகத்தைக் கூட்டினாலும் அது மிதந்துகொண்டுதான் வரும். கணினி தெரியாதவர் என்று கண்டவுடன் ஏதாவதொரு உறுப்பை விற்கப் பார்க்கும் இத்தகைய தரகு வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உங்களைப் போன்றவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது என்னை வருத்துகிறது.

நம் கண்ணின் ஓரப் பார்வை எழுத்தைச் சரியாகப் படிக்காது. ஆனால் அசைவை உடனே பிடித்துக்கொள்ளும். ஆகவே, எண்களில் மனம் ஊன்றியிருக்கும்போது ஓரத்தில் ஒன்று அசைந்தால் கவனம் அங்கே போவது உங்கள் குற்றமன்று. கால் நொடிக்குள் முடியும் அசைவு, பெட்டி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிவிட்டு விலகிவிடும். அதற்கு மேல் நீள்வதும், வேலை முடிந்த பின்னும் ஆடிக்கொண்டிருப்பதும் தொல்லையே. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 97 மென்பொருளில், உதவி சொல்வதற்கென்று திரையில் வந்த, கண்சிமிட்டும் காகிதப் பிடிப்பான் உருவத்தைப் பலர் வெறுத்தார்கள். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள்.

விண்டோஸ் 11 என்றால் 'செட்டிங்ஸ்', 'ஆக்சஸிபிலிட்டி', 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' என்று வரிசையாகச் சென்று, 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். காசு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் 10இல் இதே வசதி 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்' என்னும் வேறு பெயருக்குள், 'டிஸ்பிளே' பகுதியில் இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு இடமும் பெயரும் மாற்றி, தேவைப்படுபவர் கண்ணிலேயே படாமல் வைப்பது என்ன முறை?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அணைத்த பிறகு, மேல் மூலையிலுள்ள கழித்தல் குறியை அழுத்தினால், சாளரம் கீழ்ப்பட்டையை நோக்கிச் சுருங்குவது தெரியாது, சட்டென்று மறைந்துவிடும். முதியவர் ஒருவர் கணக்கே அழிந்துவிட்டது என்றெண்ணி, ஒரு மாதப் பதிவுகளை முதலிலிருந்து மீண்டும் எழுதியதை நான் நேரில் கண்டேன். கோப்போ கீழ்ப்பட்டையில் பத்திரமாக இருந்தது. அந்தச் சுருங்கும் அசைவு அவருக்கு வழிகாட்டி. ஆகவே, அதே கணினியில் புதிதாகப் பழகுபவர் எவரேனும் இருந்தால், அவர் கீழ்ப்பட்டையைப் பார்க்கப் பழகும்வரை அணைக்காதீர்கள். அதுவரை நீங்கள் ஒவ்வொரு தொகையையும் பதிந்தவுடன் தாளில் ஒரு குறி இட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் உலவும்போது திரை முழுவதும் மின்னி, 'வைரஸ்' என்று அலறி, தொலைபேசி எண்ணும் காட்டும் பெட்டி வந்தால், அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. அசைவு கண்ணை இழுக்கும் என்பதை அறிந்தே, நீங்கள் பதறி அழைக்கவேண்டும் என்று அதை மின்னவிடுகிறார்கள். அழைத்தால் தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்க அனுமதி கேட்பார்கள். அடுத்து வங்கிக் கணக்கு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து மூடிவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.